ஜனகன் மகள், இன்னாரின் மகள்

சென்ற மாதம் பெரியம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தேன். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சிறிய கிளினிக். பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டிய நம் ஆட்கள். கவுண்டரில் இருந்த சீனப் பெண் ஒரு கோப்பைப் புரட்டிவிட்டு "ஜானகி" என்று கூப்பிட்டார். மூன்று பேர் எழுந்தார்கள்.

அந்தப் பெண் ஒரு கணம் திகைத்து, மறுபடியும் கோப்பைப் பார்த்து, "ஜானகி டி ஓ..." என்று இழுத்து, அடுத்து வந்த பெயரை மூன்று துண்டாக உடைத்து வாசித்தார். அது என் தாத்தாவின் பெயர். மற்ற இருவரும் உட்கார்ந்துகொண்டார்கள். பெரியம்மா கைப்பையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். தாத்தா இறந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எண்பது வயது மகளை இன்னும் அவர்தான் கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்.

வெளியே காத்திருந்தபோதுதான் அந்த வேடிக்கை எனக்கு உறைத்தது. ஜானகி என்றாலே 'ஜனகனின் மகள்' என்றுதான் பொருள். அந்தப் பெயரே ஒரு டி/ஓ, அதாவது 'இன்னாரின் மகள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அதற்குப் பின்னால் சிங்கப்பூர் அடையாள அட்டை இன்னொரு டி/ஓவை ஒட்டிவைத்திருக்கிறது. பெரியம்மாவின் பிங்க் ஐசியில் இருப்பதைத் தமிழில் சொன்னால், 'ஜனகன் மகள், இன்னாரின் மகள்'. அட்டை ஒன்று, அப்பா இரண்டு.

ஜனகனின் கதையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சீதை அவன் பெற்ற பிள்ளை அல்ல. ஏர் ஓட்டியபோது மண்ணில் கிடைத்தவள். சீதை என்ற சொல்லுக்கே உழுசால் என்றுதான் பொருள். ஜனகன் என்பதும் தனி ஒருவனின் பெயராக இல்லாமல் மிதிலை அரசர்களின் குலப்பெயராக வழங்கியது. இந்த ஜனகனின் சொந்தப் பெயர் சீரத்வஜன். ஆக, கண்டெடுத்த குழந்தைக்கு வளர்த்தவனின் குடும்பப் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது. கம்பன் அவளைச் சனகி என்றும் சானகி என்றும் எழுதுவான். நாட்டை வைத்து வைதேகி, ஊரை வைத்து மைதிலி. அவளுக்கென்று அமைந்த பெயர் மண்ணைச் சொல்கிறது. மற்றவை எல்லாம் அவள் யாரைச் சேர்ந்தவள், எந்த ஊரைச் சேர்ந்தவள் என்று சொல்கின்றன.

இதிகாசப் பெண்களில் பெரும்பாலோர் கதை இதுதான். காந்தாரத்துப் பெண் காந்தாரி, கேகயத்துப் பெண் கைகேயி, கோசலத்துப் பெண் கோசலை. பிருதை என்று பிறந்தவள் குந்திபோஜன் வீட்டுக்கு வளர்ப்புப் பிள்ளையாகப் போய்க் குந்தியானாள். துருபதனின் மகள் திரௌபதி. கறுப்பி என்று பொருள்படும் கிருஷ்ணை என்ற பெயரும் அவளுக்கு உண்டு. அதைச் சொல்லி வேண்டிக்கொள்பவர்களை நான் பார்த்ததில்லை. இங்கே சவுத் பிரிட்ஜ் ரோட்டில், 1827இல் எழுந்த மாரியம்மன் கோயிலில், ஆண்டுதோறும் தீபாவளிக்குச் சற்று முன்னால் தீமிதி நடப்பது அவளுக்காகத்தான். 'அம்மா திரௌபதை' என்று நெருப்பில் இறங்குபவர்கள் வாயில் வருவதும் அவள் அப்பாவின் பெயரே.

கல்லிலும் இதைப் பார்க்கலாம். சோழர் காலத்தில் குந்தவை என்ற பெயரில் ஒருவருக்கு மேல் இருந்தார்கள். இராசராசனின் அக்காள் ஒரு குந்தவை. அவன் மகள், வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்தவள், இன்னொரு குந்தவை. அத்தையின் பெயர் மருமகளுக்கு. அதனால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அக்காளைக் குறிப்பிடும்போது மிகவும் கவனமாக இருக்கிறது. 'ஸ்ரீராஜராஜதேவர் திருத்தமக்கையார், வல்லவரையர் வந்தியதேவர் மாதேவியார், ஆழ்வார் பராந்தகன் குந்தவையார்' என்று வரிசை வைக்கிறது. தம்பி, கணவர், அப்பா. இரண்டாம் பராந்தகன் என்பது சுந்தர சோழன். ஆகவே 'பராந்தகன் குந்தவை' என்றால், ஆயிரம் வருடத்துக்கு முந்திய 'குந்தவை டி/ஓ பராந்தகன்'. கிளினிக்கில் அந்தச் சீனப் பெண் செய்ததைத்தான் சோழர்களின் கல்தச்சனும் செய்திருக்கிறான்.

சரித்திரத்தில் ஒரே பெயருடைய பெண்கள் என்று பேச ஆரம்பித்தால் ஐரோப்பாவில் வேலை சுலபம். அங்கே ராணிகளுக்கு முதலாம், இரண்டாம் என்று எண் போட்டுவிடுகிறார்கள். மற்றவர்களுக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது. நம்மிடம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற பிரிவினையே கிடையாது. ஒருவருக்கு ஒரு பெயர். அதற்கு முன்னால் நிற்கும் ஓர் எழுத்தோ இரண்டெழுத்தோதான் ஆளைப் பிரித்துக் காட்டும். அந்த எழுத்தை ஆங்கிலேய நிர்வாகம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் எஸ்/ஓ, டி/ஓ என்று விரித்துப் பதிவேட்டில் போட்டது. ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் அதுவே மலாயில் ஏ/பி ஆகிவிடும். அங்கேயும் அர்த்தம் மகள்தான். இப்போது சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பல பெற்றோர் அந்தச் சாய்வுக்கோட்டைப் போடாமல் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரை மட்டும் வைக்கிறார்கள். விமான டிக்கெட் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று கேட்கும் கட்டத்தில் அப்பா போய் உட்கார்ந்துகொள்வார். பெரியம்மாவுக்கு ஒரு நிறுவனத்திடமிருந்து வந்த கடிதம் தாத்தாவின் பெயரைச் சொல்லி 'அன்புள்ள திருமதி' என்று தொடங்கியது. அன்றைக்கு முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்த ஒட்டு அத்தனை சாதுவானது இல்லை. சரித்திரத்தில் இடம்பெற்ற சில ஜானகிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அது தெரியும். பெயர் எல்லோருக்கும் ஒன்று. முன்னும் பின்னும் ஒட்டியிருப்பதுதான் ஒவ்வொருவரையும் வேறு வேறு அலமாரியில் கொண்டுபோய் வைக்கிறது.

நமக்கு மிக அருகில் இருப்பவரிடமிருந்து தொடங்கலாம். 1943 ஜூலை 2ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். சில நாட்களில் பாடாங் திடலில் பெருங்கூட்டம் கூட்டி, பெண்களும் துப்பாக்கி ஏந்த வேண்டும் என்றார். பிறகு மலாயாவுக்குப் போய் கோலாலம்பூரிலும் பேசினார். அங்கே கூட்டத்தில் நின்றிருந்தவர்களில் ஒருவர் ஜானகி என்ற பதின்ம வயதுப் பெண். வசதியான தமிழ்க் குடும்பம். காதில் இருந்த தோட்டைக் கழற்றி நிதிக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

தோடு போனதைக்கூட வீட்டார் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். அவர் போஸ் பெண்களுக்கென்று அமைத்த ஜான்சி ராணிப் படையில் சேரப் போவதாகச் சொன்னார். அந்தப் படையில் சேரத் திருமணமாகாத பெண்ணுக்கு அப்பாவின் சம்மதம் வேண்டும், மணமானவருக்குக் கணவரின் சம்மதம். ஆங்கிலேயனைச் சுடப் போகிற கைக்கு அப்பாவின் கையெழுத்து. ஜானகியின் அப்பா லேசில் இணங்கவில்லை. நச்சரித்து, மன்றாடி, கடைசியில் சம்மதிக்க வைத்தார் ஜானகி. சீதைக்கு அப்பாவின் பெயர் கேட்காமல் வந்தது. இந்த ஜானகி அப்பாவின் சம்மதத்தைக் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

பயிற்சி முகாம் சிங்கப்பூரில், வாட்டர்லூ ஸ்திரீட்டில், 1943 அக்டோபர் 22 அன்று திறக்கப்பட்டது. இன்று அந்தத் தெருவில் குவான் இன் கோயிலில் ஊதுபத்தி ஏற்றிவிட்டு அடுத்த வாசலில் கிருஷ்ணனையும் கும்பிட்டுப் போகும் சீனர்களைப் பார்க்கலாம். அன்று அங்கே காக்கிக் கால்சட்டை போட்ட தமிழ்ப் பெண்கள் அணிவகுத்தார்கள். பலர் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். படைக்குத் தலைமை தாங்கியவர் சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி. படைக்குப் பெயர் தந்த ஜான்சி ராணியும் ஒரு லட்சுமிதான். ஆனால் அவர் மணிகர்ணிகை என்று பிறந்து, மணமாகி ஜான்சிக்கு வந்த பிறகு லட்சுமிபாய் என்று மாற்றப்பட்டவர். ஒரு லட்சுமியின் பெயரில் அமைந்த படையை இன்னொரு லட்சுமி நடத்தினார். படையின் பெயரிலோ லட்சுமியைக் காணோம், ஊர்தான் இருந்தது. ஒரே பெயர்ப் பெண்களின் கதை முழுக்க இப்படிப்பட்ட வேடிக்கைகள்.

ஜானகி பர்மாவுக்குப் போனார், அதிகாரியாக உயர்ந்தார். 1945 ஏப்ரலில் ரங்கூன் கைவிட்டுப் போனபோது அங்கே இருந்த ராணிப் படைப் பெண்களை நடத்திக்கொண்டு வந்தவர் அவர்தான். போஸும் உடன் வந்தார். கொஞ்சம் லாரி, பிறகு நடை. பகலில் விமானங்கள் குண்டு போடும் என்பதால் இரவில் நகர்ந்து, ஆறுகளைக் கடந்து, பாங்காக் வந்து சேர்ந்தார்கள். அப்போது ஜானகிக்கு இருபது வயது.

போர் முடிந்த பிறகு, 1946இல், மலாயா இந்தியர் காங்கிரஸ் தொடங்கியபோது அதில் இருந்தார். பின்னாளில் மலேசிய நாடாளுமன்ற மேலவை உறுப்பினரானார். 2000ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. 2014இல் காலமானார்.

இப்போது இவரைத் தேடிப் பாருங்கள். போர்க்காலப் பதிவுகளில் இவர் ஜானகி தேவர். தேவர் என்பது அப்பா வழிப் பட்டம். ஆங்கிலப் பாணிப் பெயர்ப்பட்டியலில் அது குடும்பப் பெயராகி மகளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. மணமான பிறகு ஜானகி ஆதி நாகப்பன். முதல் பெயரில் தேடினால் ஒரு சிப்பாய் கிடைப்பாள், இரண்டாவது பெயரில் தேடினால் ஓர் அரசியல்வாதி கிடைப்பார். இரண்டு பேரும் ஒருவரே என்று தெரியாத வாசகர் பாதி வாழ்க்கையோடு திரும்பிவிடுவார். பள்ளித் திட்டவேலைக்காக இவரைப் பற்றி எழுதிய ஒரு மாணவி இரண்டு பெண்களைப் பற்றி இரண்டு பத்தி எழுதிக்கொண்டு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். பிழை அவளுடையது இல்லை.

கலைந்துபோவது இந்த ஜானகிக்கு நேர்ந்தது என்றால், கலந்துபோவது ஜானகி அம்மாள்களுக்கு நேர்ந்தது. ஏறக்குறைய ஒரே வயதில், ஒரே சென்னையில், இரண்டு ஜானகி அம்மாள்கள் இருந்தார்கள்.

ஒருவர் 1897இல் தலைச்சேரியில் பிறந்தவர். எடவலத் கக்கத் என்பது வீட்டுப்பெயர், அதனால் ஈ.கே. ஜானகி அம்மாள். சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் படித்து, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு உதவித்தொகையில் போய், 1931இல் முனைவர் பட்டம் வாங்கினார். திரும்பி வந்து கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். இனிப்பு மிகுந்த கரும்பு வெளித்தீவுகளிலிருந்து வந்தது; நம் மண்ணில் நோயையும் வறட்சியையும் தாங்காது. இங்கே ஆற்றோரத்தில் தானாக முளைக்கும் காட்டு நாணலோ எதையும் தாங்கும், ஆனால் இனிக்காது. இரண்டையும் இணைத்தால் தாங்குகிற இனிப்பு கிடைக்கும். அதற்குக் குரோமோசோம்களை எண்ணத் தெரிந்த ஆள் வேண்டும். ஜானகி அம்மாளுக்கு அதுதான் வேலை. கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து பார்த்தார்.

1940இல் லண்டன் ஜான் இன்னெஸ் நிறுவனத்துக்குப் போனார். தலைக்கு மேல் ஜெர்மன் குண்டுகள், கீழே நுண்ணோக்கி. டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை ஒன்றை 1945இல் வெளியிட்டார். தாவரவியலார் அந்த நூலை இன்றும் 'டார்லிங்டன், ஜானகி அம்மாள்' என்றே குறிப்பிடுகிறார்கள். அதாவது வெள்ளைக்காரர் பெயரில் குடும்பம் நிற்கிறது, நம்மவர் பெயரில் அவரே நிற்கிறார். அம்மாள் என்பது நாம் மரியாதைக்குச் சேர்ப்பது. அது குடும்பப் பெயர் என்று நினைத்து, வெறும் 'அம்மாள்' என்று பட்டியலிட்டவர்களும் உண்டு. தாத்தாவின் பெயரால் பெரியம்மாவுக்கு வந்த கடிதத்தின் இன்னொரு வகை இது.

இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் அவர் வேலை செய்த நாட்களின் நினைவாக ஒரு மக்னோலியா மரவகைக்கு 'ஜானகி அம்மாள்' என்று பெயர். வெள்ளைப் பூ. அந்தப் பெயரில் ஈ.கே.யும் இல்லை. அவர் மணம் செய்துகொள்ளவில்லை, அதனால் பின்னொட்டு மாறும் வேலையும் இல்லை. 1977இல் பத்மஸ்ரீ. 1984இல் சென்னைக்கு அருகே மதுரவாயலில் ஆய்வுக்கூடமே வீடாக வாழ்ந்தபோது இறந்தார்.

மற்றொரு ஜானகி அம்மாள் 1899இல் பிறந்தவர். பத்து வயதில், 1909இல், கணித மேதை ராமானுஜனுக்கு மனைவியானார். கணவர் 1914 மார்ச்சில் கப்பலேறினார். ஐந்து வருடம் பிரிவு. அந்த வருடங்களில் இருவருக்கும் இடையே போன கடிதங்களை மாமியார் தடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1919இல் நோயோடு திரும்பிய கணவருக்கு ஓராண்டு பணிவிடை. 1920 ஏப்ரல் 26 அன்று அவர் இறந்தபோது ஜானகிக்கு இருபத்தொரு வயது.

அதற்குப் பிறகு எழுபத்து நான்கு வருடம் வாழ்ந்தார். எல்லோரும் ஒரே மூச்சில் தாண்டிவிடும் இந்த எழுபத்து நான்கு வருடத்தில்தான் எனக்கு அக்கறை. பம்பாயில் சகோதரர் வீட்டில் இருந்தார். தையல் கற்றார். சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியிருந்து, துணி தைத்துக் கொடுத்தும் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தும் பிழைத்தார். ஒரு பையனை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். மண்ணில் கிடைத்த மகளின் பெயரைச் சுமந்தவர், தாமும் ஒரு பிள்ளையைக் கண்டெடுத்துக்கொண்டார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று முதுமையில் அவர் கேட்டது செய்தித்தாளில் வந்து, அதைப் படித்த வெளிநாட்டுக் கணிதவியலாளர்கள் பணம் திரட்டி மார்பளவுச் சிலை ஒன்றை அனுப்பிவைத்தார்கள். 1994இல் காலமானார்.

அவருடைய கணவரையே உலகம் பெயர் மாற்றித்தானே அழைக்கிறது. 'சீனிவாச' என்பது ராமானுஜனின் அப்பா. மேற்கத்தியப் புத்தகங்களில் அதுவே அவருடைய முதல் பெயராகிவிட்டது. மேதைக்கே அந்தக் கதி என்றால் தையற்காரம்மாவுக்கு என்ன நியாயம் கிடைக்கும்? விஞ்ஞானி ஜானகி அம்மாளைப் பற்றிய பேச்சில் ராமானுஜன் மனைவியின் படம் வந்து விழுவதை இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

முன்னெழுத்து அப்பாவிடமிருந்துதான் வரவேண்டும் என்று யார் சொன்னது? வி.என். ஜானகியைப் பாருங்கள். வைக்கம் நாராயணி ஜானகி. வைக்கம் ஊர், நாராயணி அம்மா. 1940களில் திரைக்கு வந்தபோது அந்த இரண்டு எழுத்தோடு வந்தார், எம்.ஜி.ஆரின் மனைவியானபின் ஜானகி ராமச்சந்திரன். 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். இறந்தார். 1988 ஜனவரி 7 அன்று ஜானகி முதலமைச்சரானார், தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர். சட்டமன்றத்தில் அடிதடி, கலவரம்; ஜனவரி 30 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது.

அந்த மாதத்தில் இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குக் காய் வாங்கப் போனால் ஒரு சண்டை காதில் விழாமல் திரும்ப முடியாது. "நீ ஜாவா, ஜெயா?" என்பார்கள். கட்சி இரண்டாகி, அ.தி.மு.க. (ஜா), அ.தி.மு.க. (ஜெ) என்று எழுதப்பட்ட காலம். அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஜாவுக்கு இரட்டைப் புறா, ஜெவுக்குச் சேவல். ஜானகி ஆண்டிப்பட்டியில் தோற்று அரசியலை விட்டு விலகினார். தோல்வி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த அடைப்புக்குறியை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் ஆணின் எழுத்து நின்றே பழகிய நாட்டில், ஆயிரக்கணக்கான ஆண்களின் கட்சிப் பெயருக்குப் பின்னால் ஒரு பெண்ணின் சொந்த எழுத்து நின்றது. ஒரு வருடம்தான் நின்றது என்றாலும் நின்றது.

எஸ். ஜானகியைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. அந்த 'எஸ்' சிஷ்ட்லா என்ற தெலுங்கு வீட்டுப்பெயர் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2013இல் பத்மபூஷண் கொடுத்தபோது, காலம் கடந்து வருகிறது என்று வேண்டாமென்றுவிட்டார். ஐந்து ஜானகிகளில் இவர் ஒருவர்தான் எந்த ஒட்டும் இல்லாமல் 'ஜானகியம்மா' என்ற ஒரே சொல்லில் அடையாளம் தெரிகிறவர். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, குரல் போதும்.

கிளினிக்குக்குத் திரும்புகிறேன். பெரியம்மா கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, பார்வை மங்கி, சுவரைத் தடவியபடி வெளியே வந்தார். நான் பிடித்து உட்கார வைத்தேன். எழுந்து உட்கார்ந்த மற்ற இரண்டு ஜானகிகளில் ஒருவர் இடம் மாறிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்பா பெயரையோ கணவர் பெயரையோ கேட்கவில்லை.

"நீங்கள் எந்தப் பக்கத்து ஜானகி?"

"நேவல் பேஸ். அப்பாவுக்கு அங்கேதான் வேலை. நீங்கள்?"

"பாசிர் பாஞ்சாங். அதோ அவர் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஜானகி. இப்போதுதான் பேசினேன்."

அந்த மூன்று குடியிருப்புகளும் எப்போதோ இடிக்கப்பட்டுவிட்டன. மூவரும் இப்போது வெவ்வேறு வீவக புளோக்குகளில், அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில், இருக்கிறார்கள். ஆனாலும் மிதிலை போய் மைதிலி மிஞ்சியது போல அந்த இடங்கள் அவர்களிடம் மிஞ்சியிருந்தன. பத்து நிமிடத்தில் யார் யாருக்கு எந்தத் தமிழ்ப் பள்ளி, எந்த வாத்தியார் என்பது வரை போய்விட்டார்கள். மருந்தின் தாக்கத்தில் பெரியம்மாவுக்குத் திரை தெரியவில்லை. கைப்பேசியை என்னிடம் நீட்டி, அந்த அம்மாளின் எண்ணைப் போட்டுவைக்கச் சொன்னார். 'ஜானகி' என்று தட்டியதும் ஏற்கெனவே இரண்டு பேர் வந்து நின்றார்கள். 'ஜானகி யீஷூன்', 'ஜானகி டீச்சர்'. மூன்றாவதாக 'ஜானகி பாசிர் பாஞ்சாங்' என்று சேர்த்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தேன்.